காலின்மேல் வளைந்த உத்திரம்

அன்புள்ள மனைவி எஸ்னாத்துக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருப்பதைப் பொறுத்துக்கொள். இனி கடிதம் எழுதித் தரச்சொல்லி நான் யாரையும் கெஞ்ச வேண்டாம். இது என் கையே எழுதியது. உன் மூட்டுவலி தேவலையா?

பயப்படாமல் ஒரு வேடிக்கை கேள். கல்லூரிக் கூடத்தில் மாணவர்கள் தரைக்குச் சற்று மேலே கிடத்திய மர உத்திரத்தின்மேல் மணல் மூட்டைகளை அடுக்கி, அது எவ்வளவு வளைகிறது என்று பார்த்தார்கள். நான் அடியில் பெருக்கப் போனேன். மரம் தொய்ந்து என் காலைத் தரையோடு அழுத்திவிட்டது. பிள்ளைகள் ஓடிவந்து, பெரியவர்களிடம் பேசும் நம் வழக்கப்படி மண்டியிட்டு, "மன்னிச்சுக்குங்க தாத்தா" என்றார்கள்.

"மண்டி போட்டது போதும், மூட்டைய எறக்குங்கடா" என்றேன்.

சிகோண்டி என்ற பெண் மட்டும், "ஒரு நிமிஷம் தாத்தா, வளைவ அளந்துக்கறேன்" என்றாள்.

அந்த ஒரு நிமிடத்தில் எதிர்ச்சுவர்ப் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தேன்: சுமைக்கு அடியில் போகாதே. தினமும் நான் துடைக்கிற பலகைதான்.

கால் நலம். ஆனால் மூட்டைகளை இறக்கியும் மரம் முழுதாக நிமிரவில்லை. தாங்கும் அளவைத் தாண்டிச் சுமந்தால் அப்படித்தான் என்றாள் சிகோண்டி.

விடுப்பு இந்த முறையும் இல்லை. மழைக்காலம் முடியும்வரை இந்தக் கல்லூரி வாசலைத் தாண்ட முடியாது. காய்ந்த உசிபா மீன் கொஞ்சம் உன் கையாலேயே கட்டி அனுப்பு. அடுத்த ஞாயிறும் எழுதுவேன். நான் வரும்போது கொஞ்சம் வளைந்திருந்தால், நேராக நில் என்று மட்டும் சொல்லாதே.

உன் லைசன்