பன்னியும் அம்மாவின் ஊதாப் புடவையும்

நவம்பர் 18, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. கேஸ் புக் பண்ண வேண்டும். அகராதி வேலை ‘பிக்’ என்ற சொல்லோடு நிற்கிறது. நாளைக்குச் சிதம்பரத்தில் பதிப்பாசிரியர் சாரிடம் காட்டியாக வேண்டும்.

பள்ளிப் பிள்ளைகளுக்கான அகராதி. ஆங்கிலச் சொல், தமிழில் பொருள், ஒரு வாக்கியம். இவ்வளவுதான் வேலை. இந்தப் பன்றி மட்டும் உயிரை வாங்குகிறது.

1. பன்றி. சரி.
2. அழுக்குப் பிடித்தவன், தீனிப்பண்டாரம், சுயநலக்காரன். பாவம், ஒரே மிருகத்தின் தலையில் இத்தனையும்.
3. மூக்கு முட்டத் தின்பது.
4. உருக்கி வார்த்த இரும்புக் கட்டி. ஏன் என்று தேட வேண்டும்.
5. படாத பாடு படுத்தும் வேலை. அதாவது இது.

பின்னால் ‘தலை’யைச் சேர்த்தால் பிடிவாதக்காரன். முன்னால் ‘கினி’யைச் சேர்த்தால் தமிழுக்கு வரும்போது சோதனை எலி!

“எழுந்திருடி பன்னி, மணி என்னா ஆவுது?” அம்மா தினமும் என்னை எழுப்பியது இப்படித்தான். இந்த ஐந்தில் எதிலும் அது சேரவில்லை. ஆறாவதாகப் போட்டால் சார் சிரிப்பார்.

மாசி வந்தால் அம்மா போய் ஒரு வருஷம்.

நவம்பர் 19, புதன்

சிதம்பரம் போய் வந்தேன். பஸ்ஸில் உட்கார இடமில்லை. பின்னால் ஒரு அம்மா போனில்: “நீ சோறு வடிச்சியா இல்லியா, அத மட்டும் சொல்லு.” சிதம்பரம் வரும்வரை அதே கேள்வி.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “புள்ளைங்க பொஸ்தகம்மா. வசவ கொறச்சுக்கலாமே. ஸ்ரீமுஷ்ணத்துல கையெடுத்துக் கும்புடுற வராக சாமிக்கும் அதே மூஞ்சிதான?” வெள்ளிக்கிழமைக்குள் திருத்தித் தர வேண்டுமாம். கீழவீதியில் பூ வாங்கினேன், பஸ்ஸில் விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் பீரோ திறந்து கிடக்கிறது. கீழ்த்தட்டில் கவரைக் காணோம். அம்மாவின் ஊதாப் புடவை இருந்த கவர்.

இவர் டிவி பார்த்தபடியே சொல்கிறார்: “மச்சான் கோர்ட்டு வேலையா வந்தாரு. சோளக்காட்டுல காட்டுப்பன்னி தொல்லையாம். சுத்திக் கட்ட பழம்பொடவ கேட்டாரு. துவைக்காததுதான் வேணுமாம், மனுச வாசன இருந்தாதான் பன்னி கிட்ட வராதாம். அது ஒண்ணுதான் துவைக்காம கெடந்துச்சு.”

கெடந்துச்சாம்! கிடக்கவில்லை, நான் வைத்திருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் அம்மா கடைசியாகக் கட்டி அவிழ்த்த புடவை. தைலம், வெற்றிலை, கொஞ்சம் வியர்வை. மனசு சரியில்லாத நாளில் கவரைப் பிரித்து ஒரே ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டு உடனே மூடிவிடுவேன். வாசனை தீர்ந்துவிடுமோ என்று பயம். இது இவருக்குத் தெரியாது. நான் சொன்னதில்லை, வெட்கம்.

இவரிடம் கத்திவிட்டேன். விழித்தார். சாப்பிடவில்லை, நானும்தான்.

நவம்பர் 20, வியாழன்

அண்ணன் போனை எடுக்கவில்லை. அண்ணி எடுத்தாள். “எல்லாப் பொடவையும் நேத்து சாயங்காலமே கட்டியாச்சே. ஏன், பட்டா அது?”

பட்டு இல்லை அண்ணி என்று வைத்துவிட்டேன்.

மழை வருமா வருமா என்று பத்து தடவை வாசலுக்கும் உள்ளுக்கும். இங்கே செம்மண்டலத்தில் மேகம் கருத்தால் அண்ணன் ஊர் திட்டக்குடியிலும் கருத்திருக்குமா? பால் பொங்கி அடுப்பெல்லாம். ‘பிக்’குக்கு ஒரு வாக்கியம்கூட வரவில்லை. ‘பன்றி சோளக்காட்டில் புகுந்தது’ என்று எழுதி அடித்தேன்.

நவம்பர் 22, சனி

திட்டக்குடி. விருத்தாசலம் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. ஜன்னலோரம் உட்கார்ந்து வானத்தைத் திட்டிக்கொண்டே போனேன். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு இடம் போய்விட்டார்.

காட்டைச் சுற்றி வரப்போரம் முழுக்கப் புடவை. சிவப்பு, பச்சை, மஞ்சள், பூப்போட்டது. தெருப் பெண்களெல்லாம் கை கோத்து நிற்பது மாதிரி. உள்ளே மக்காச்சோளம் கதிர் பால் பிடித்து நிற்கிறது. ஊதா, கிழக்கு மூலையில். சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

முகத்தை வைத்தேன். மழை. சேறு. சோளத்தோகை. தைலம் இல்லை, வெற்றிலை இல்லை. வரப்பிலேயே உட்கார்ந்து அழுதேன். சத்தமாகத்தான். யார் இருக்கிறார்கள் அங்கே.

அண்ணன் வந்து நின்றான். அது அம்மாவுடையது என்று தெரியாமல் எடுத்தாயா என்று கேட்டேன்.

“தெரியாம என்னா? கவர பிரிச்சதுமே தெரிஞ்சுபோச்சு. ஒன் பீரோ முன்னாடியே ஒக்காந்துட்டேன். மாப்ள தண்ணி கொண்டாந்து குடுத்தாரு. கேட்டுப் பாரு.”

“தெரிஞ்சுமா எடுத்த? பன்னிக்குக் கட்டவா?”

“அம்மா இருந்தவரைக்கும் இந்த மூலையில பன்னி பூந்துதா? டப்பாவ தட்டிகினு இங்கியேதான ஒக்காந்திருக்கும். அம்மா போனப்புறம் வெச்ச வெள்ளாமையில பாதிய பன்னி தின்னுச்சு. நீ அம்மாவ பீரோவுல பூட்டி வெச்ச. எனக்கு அம்மா இங்க வேணும்.”

“எனக்கு மட்டும் வேணாமா?”

அவன் கண் சிவந்திருந்தது. நான் முடிச்சை அவிழ்க்கப் போனேன். ஈரத்தில் இறுகிப்போயிருந்தது. அந்தப் பக்கம் கம்பு சாய்ந்து புடவை சேற்றில் தொங்கியது. அவிழ்க்க வந்தவள், கம்பை நிமிர்த்தி, சேறு படாமல் தூக்கி இழுத்துக் கட்டிவிட்டேன். ஏன் என்று கேட்டால் தெரியவில்லை. அண்ணன் மறுமுனையைப் பிடித்தான்.

அண்ணி, வீட்டு வாசலிலிருந்து: “பன்னியே தேவலாம், அண்ணனும் தங்கச்சியும் முட்டிகினு நிக்கறதுக்கு. சோறு ஆறுது, வாங்க!”

கருவாட்டுக் குழம்பு. நன்றாகச் சாப்பிட்டேன். மூன்றாவது பொருள்.

நவம்பர் 23, ஞாயிறு

வெயில் எட்டிப் பார்த்தது. இவரிடம் கவர் விஷயத்தைச் சொன்னேன். “முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?” அவ்வளவுதான் கேட்டார். அப்புறம் அவரே டீ போட்டுக் கொடுத்தார். சர்க்கரை ஜாஸ்தி. குடித்தேன்.

அண்ணன் மேல் கோபம் போனது. ஒரு மணி நேரத்தில் திரும்ப வந்தது. அவனுக்கு வேணும் என்றால் என்னிடம் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா? மாட்டேன்.

‘பிக்’கை முடித்து சாருக்கு அனுப்பிவிட்டேன், இரண்டு நாள் தாமதம். ஐந்து பொருள். ஆறாவதை எழுதிப் பார்த்து எடுத்துவிட்டேன்.

பீரோ கீழ்த்தட்டைத் திறந்து திறந்து மூடுகிறேன். கேஸ் இன்னும் புக் பண்ணவில்லை.

நவம்பர் 25, செவ்வாய்

விடிந்ததிலிருந்து ஓயாத மழை. பல் தேய்க்கும்போதே அண்ணன் போன்.

“கெழக்கு மூலையில பூந்துடுச்சு. ஒரு பாத்தி போச்சு. மழையில அம்மா வாசன சுத்தமா போயிடுச்சு போலருக்கு.”

வாயைக் கொப்பளித்தேன்.

“பொடவைய அவுத்து வெச்சிருக்கேன். ஒனக்கே குடுத்துடறேன். ஒன் பொடவ ஒண்ணு அனுப்பு. கட்டுனது, துவைக்காதது.”

“என்னுது எதுக்கு? அண்ணி பொடவைய கட்டு.”

“அந்த மூலைக்கு ஒன்னுதுதான் சரிவரும். சனிக்கெழம நீ அழுவும்போது பக்கத்துல நின்னேன்ல. அம்மா வாசனதான் ஒனக்கு.”

மழைச் சத்தம், அவன் பக்கமும் என் பக்கமும்.

“சீக்கிரம் அனுப்புடி பன்னி” என்று வைத்துவிட்டான்.

நேற்றுக் கட்டிய பச்சைப் புடவையை அழுக்குக் கூடையிலிருந்து எடுத்து மடித்தேன். இவர் வண்டியை வெளியே எடுத்துவிட்டார், திட்டக்குடி பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்ப. கவரைக் கட்டும் முன் முந்தானையை மூக்கில் வைத்துப் பார்த்தேன். திரும்பவும் வைத்துப் பார்த்தேன். எனக்கு ஒரு வாசனையும் தெரியவில்லை.