பாய் போட்ட கிஸ்மிஸ்

பாய்,

கிஸ்மிஸ் பாக்கெட்டைப் பிரித்தேன். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் உங்கள் முகம்தான் முன்னால் வந்து நின்றது, சிடுசிடுவென்று. இந்த மடலைக் காகிதத்தில் எழுத முடியாது. ரொட்டிக்கடை வாசலில் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். மாவைக் கலந்தபடி மனசுக்குள் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வந்ததும் என் போனை வாங்கி மேசைமேல் கவிழ்த்து வைத்தார்கள். பின்தெருத் தையல்காரியின் மகன் லைங் தாயா பேக்டரியிலிருந்து எத்தனை மணிக்கு வருவான் என்று கேட்டார்கள். பையனைப் பர்மாப் பட்டாளத்துக்குப் பிடித்துப்போகத்தான் வந்திருக்கிறார்கள். தெரியாது என்றேன். பரவாயில்லை, பேக்டரி பஸ் இந்த முனையில்தானே நிற்கும், இருக்கிறோம் என்று சொல்லி டீ கேட்டார்கள். மரியாதையாகத்தான் கேட்டார்கள். டீயை வைத்துவிட்டு மாவை எடுத்தேன்.

நம் தாமுவே பேட்டை முழுக்கத் தேடினாலும் உங்களைப்போல ஒரு பிடிவாதக்காரர் கிடைக்கமாட்டார் பாய். நான் வீட்டில் தயிர் உறைய வைத்து விற்றுக்கொண்டிருந்த காலத்தில் ரொட்டி மாவு பிசைய தினமும் ஒரு பானை மோர் உங்கள் கடைக்கு வரும். நீங்கள் முன்பு சமையல் வேலை பார்த்த வீட்டு அயர்லாந்துக்காரம்மா ஊருக்குப் போகும்போது சொல்லிக்கொடுத்துவிட்டுப் போன ரொட்டி அது. ஈஸ்ட் மாவென்றால் கரண்டுக்குக் காத்திருந்தே புளித்துப்போகும். இதைக் கரண்டு வந்தபிறகு கலந்தால் போதும். தெருவில் "மீ லாப்பி", கரண்டு வந்துவிட்டது என்று பிள்ளைகள் கத்துவார்கள், விளக்கு எரியும், நீங்கள் மாவில் கை வைப்பீர்கள். வெந்ததும் காலிப் பானையின் மேல் எனக்கென்று ஒரு ரொட்டியை வைத்துச் சைக்காக்காரரிடம் கொடுத்தனுப்புவீர்கள். அவருடைய மூன்று சக்கர வண்டிதான் நம் இரண்டு வீட்டுக்கும் தபால்.

நம் சண்டையெல்லாம் கிஸ்மிஸைப் பற்றித்தான். கொஞ்சம் கிஸ்மிஸ், ஒரு முட்டை, ஒரு கை சீனி போட்டால் சனங்கள் இன்னும் விரும்பி வாங்குவார்கள் என்பேன். போனில் ஒரு ஐரிஷ்காரி அப்படிச் செய்வதைக்கூடக் காட்டினேன். நீங்கள் கண்ணாடியை மாட்டி முழுசாகப் பார்த்துவிட்டு, "அது விருந்தாளிக்குச் செய்யிற கேக்கு. வீட்டு ரொட்டில நாலே சாமான் தங்கச்சி. மாவு, உப்பு, சோடா, மோரு" என்றீர்கள். தாமுவே பேட்டை மோரை ஊற்றிவிட்டு அசல் என்கிறீர்களே, இது எந்த ஊர் நியாயம் என்று மடக்கினேன். "எந்த ஊரா இருந்தாலும் புளிச்சா மோருதான்" என்று சொல்லிவிட்டு ரொட்டியின் தலையில் கத்தியால் நாலாகக் கீறினீர்கள். உள்ளே ஈரம் நிற்காமல் வேகத்தான் அந்தக் கீறல் என்பேன் நான். உள்ளே இருக்கிற கெட்டது வெளியே போகத்தான் என்று அந்த அம்மா சொன்னதாக நீங்கள் சொல்வீர்கள். அதிலும் விட்டுக்கொடுத்ததில்லை.

அன்றைக்கும் பானை வந்தது, மேலே ரொட்டி இருந்தது. பிட்டேன். உள்ளே கிஸ்மிஸ். கிழவர் வழிக்கு வந்துவிட்டார் என்று எனக்கு ஒரே சிரிப்பு. மகனைக் கூப்பிட்டுக் காட்டக்கூட வாயைத் திறந்துவிட்டேன். அப்புறம் கை நின்றுவிட்டது. நீங்கள் அதைப் போடமாட்டீர்கள். உங்கள் தலையே போனாலும் போடமாட்டீர்கள்.

வாசலில் நின்ற சைக்காக்காரரிடம் கடையில் யார் என்று கேட்டேன். அவர் தெருவை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"ரெண்டு பேரு உக்காந்திருக்காங்க. பாய் போனு அவங்க கையில. உங்க மகன் பேரைச் சொல்லி வீடு எதுன்னு கேட்டுக்கிட்டு இருந்தாங்க. ரொட்டில என்னன்னு ஒருத்தன் கேட்டான். கிஸ்மிஸ் இல்லாட்டி அது ஐரிஷ் ரொட்டியே இல்லன்னு பாய் சொன்னாரு."

அந்தப் பேச்சைக் கேட்டதும் கிஸ்மிஸ் எதற்கென்று புரிந்தது. மகனை ஓடவைத்தேன். மாற்றுச் சட்டைகூட எடுக்காமல் ஆற்றைக் கடந்து, த்வாண்டேயில் பானைச் சூளை வைத்திருக்கும் என் மாமன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தான். சாயங்காலம் அவர்கள் வந்தார்கள். கொடியில் காய்ந்த அவன் சட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

போகிற வழியில் உங்களைக் கூட்டிப்போனார்கள். கொஞ்சம் பேச வேண்டுமாம். சில நாள் கழித்து, வந்து உடலை வாங்கிக்கொள்ளச் சொல்லி உங்கள் வீட்டம்மாவுக்கு ஆள் வந்தது. மையத்தைக் குளிப்பாட்டியவர்கள் முகத்தை மட்டும் காட்டி உடனே மூடிவிட்டார்கள். ரொட்டியால்தானா பாய்? கேட்க ஆளில்லை. உங்கள் வீட்டம்மாவுக்கும் தெரியாது. தெரியாமலே கடைச் சாவியை என்னிடம் கொடுத்தார். அந்தக் கனத்தை இறக்கிவைக்க எனக்கு இடம் கிடைக்கவில்லை.

அன்றிலிருந்து நாலு சாமான்தான். கிஸ்மிஸ் போடக் கூடாதா என்று கேட்காதவர் இல்லை. தையல்காரி தினமும் கேட்பாள், தினமும் இல்லை என்பேன், நேற்றும் அப்படித்தான். ஏன் என்று ஒருநாள் விடாமல் கேட்டதால் உங்கள் கதையை அவளுக்கு மட்டும் சொன்னேன். கேட்டுவிட்டு ரொட்டியை வாங்கிப்போனாள். அதற்குப் பிறகும் தினமும் கேட்பாள், சிரித்துக்கொண்டே. என் அலமாரியில் இந்தப் பாக்கெட் ஏன் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

ரொட்டி வெந்துவிட்டது. நாலாகக் கீறியிருக்கிறேன். கரண்டு இன்னும் இருக்கிறது, பஸ்ஸுக்கும் நேரம் இருக்கிறது. அவள் பிட்டுப் பார்த்தால் போதும், முன்னாலேயே எங்காவது இறங்கிக்கொள்ளச் சொல்லி மகனுக்குப் போன் போட்டுவிடுவாள். ரொட்டியை அவளிடம் கொண்டுபோக அதே சைக்காக்காரர் வாசலில் நிற்கிறார். என் முகத்தை அவர் பார்க்கவே இல்லை.

பொட்டலம் கட்டும்போது அவர்களில் சின்னவன் எழுந்து உள்ளே வந்தான். நல்ல வாசனையாக இருக்கிறதே, உள்ளே என்ன என்று பர்மிய மொழியில் கேட்டான். ஒரு துண்டு வெட்டி அவன் கையில் கொடுத்தேன். மீதியைப் பொட்டலம் கட்டினேன் பாய்.

"கிஸ்மிஸ்" என்றேன். "அது இல்லாட்டி இது ஐரிஷ் ரொட்டியே இல்ல."