பாட்டு நின்ற வளைவு

இன்று காலை பஸ்சில் முன் சீட்டுக்காரி ஒரு எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறி மூக்கருகே வைத்துக்கொண்டாள். மலைக்குப் போகிறவள் போலிருக்கிறது. அந்த வாசம் வந்ததுதான் தாமதம், ஜன்னலைத் திறந்துவிட்டேன். சிலமலையிலிருந்து போடி வரும்வரை ஜன்னல் பக்கமே முகத்தை வைத்திருந்தேன். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் படுத்தவள், ஒரே வாரத்தில் போய்விட்டாய். எங்கள் வீட்டில் இன்னும் எலுமிச்சம்பழம் வாங்குவதில்லை.

இன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் அந்தக் கதையை நடத்தும் நாள் வேறு. தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் மலை வளைவில் கவிழும் கதை. வருஷாவருஷம் நீ ஏ பிரிவுக்கும் நான் பி பிரிவுக்கும் அதைத்தான் நடத்துவோம். நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. புத்தகத்தைத் திறக்கும் முன் நீ சொல்வது எனக்கு அப்படியே கேட்கும்: "இந்தக் கதையில ஒரு ஜீப்பு கவுறுது. கேக்க முடியாதவுக இப்பவே எந்திரிச்சுப் போயித் தண்ணி குடிச்சுட்டு வாங்க. ஏன்னு யாரும் கேக்கமாட்டோம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆசிரியர் அறைக்கு நீ வந்ததும் வராததுமாகப் பிடித்துக்கொள்வேன். "ஏத்தா, முடிவ மொதல்லயே சொல்லிட்டா அப்புறம் கதை என்னத்துக்கு? தெனமும் அதே ஜீப்புல ஏறி ஏறி எறங்குற வீட்டுப் பிள்ளைக. அதுகளைப் போயிப் பொத்திப் பொத்தி வக்கிறியே!"

நீ டிபன் பாக்சைத் திறந்தபடி சொல்வாய்: "ஏறி எறங்குறதுனாலதான் சொல்றேன்."

ஆசிரியர் கூட்டத்திலும் இந்தப் பேச்சு வந்தது. மனதை உலுக்கும் பாடம் என்றால் எல்லாரும் முன்கூட்டியே சொல்லிவிடலாமா என்று தலைமையாசிரியர் கேட்டார். நான்தான் எழுந்து பொரிந்து தள்ளினேன். இலக்கியம் எதிர்பாராத நேரத்தில் அறைய வேண்டும், அறை வாங்காமல் யாரும் வளர்ந்ததில்லை என்றேன். நாலு பேர் மேசையைத் தட்டினார்கள். யோசனை அதோடு விழுந்தது. நீ ஒன்று மட்டும் சொன்னாய்: "உனக்கு அது கதை." சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டாய். அன்று சாயங்காலம் முழுக்க எனக்கு ஜெயித்த மிதப்பு.

அடுத்த மாதம்தான் பிள்ளைகளை ஏலத்தோட்டம் பார்க்கக் கூட்டிப்போனோம். இரண்டு ஜீப். நீயும் நானும் ஒரே ஜீப்பில், பத்துப் பிள்ளைகளோடு. மலையடிவாரம் தாண்டியதிலிருந்து ஒரே குத்துப்பாட்டு, கைதட்டல். போடிமெட்டுக்குப் பாதி வழியில் ஒரு வளைவு வந்தது. டிரைவர் அண்ணன் பாட்டைப் பட்டென்று நிறுத்தினார். மலையில் பிறந்த பிள்ளைகள் நாலைந்து பேர் தானாகப் பேச்சை நிறுத்தின. சமவெளிக்காரி எனக்கு என்ன தெரியும்? நல்ல அமைதி கிடைத்தது என்று பையிலிருந்து புத்தகத்தை எடுத்தேன். கதை நடக்கிற இடத்திலேயே கதையைப் படிக்க வேண்டும் என்பது நான் வீட்டிலேயே போட்டுவைத்த திட்டம்.

டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். "டீச்சர், செத்த பொறுங்க. இதத் தாண்டிக்கிருவோம்."

"ரெண்டே பக்கந்தாண்ணே," என்று சொல்லிவிட்டு உரக்கப் படித்தேன். நன்றாகவே படித்தேன். சக்கரம் மண்ணை விட்டு விலகும் வரியில் குரலைத் தாழ்த்தினேன். வகுப்பில்கூட அப்படி வாய்த்ததில்லை.

"வண்டிய நிறுத்துங்கண்ணே," என்றாய் நீ.

இறங்கிப்போய்த் தடுப்புச்சுவரைப் பிடித்துக்கொண்டு குத்தவைத்து உட்கார்ந்தாய். வாந்தி என்று நினைத்தேன். பையிலிருந்த எலுமிச்சம்பழத்தைக் கீறி உன் கையில் திணித்தேன். அதோடு விட்டேனா? "மலைக்காரிக்கே தலை சுத்துதா!" என்றேன். பிள்ளைகள் சிரித்தன. நீயும் சிரித்தாய். அந்தச் சிரிப்புதான் என்னை விடமாட்டேன் என்கிறது. கீழே பார்க்காமல், அந்தப் பழத்தை மூக்கில் அழுத்திக்கொண்டு, என் மனம் கோணக்கூடாது என்று நீ சிரித்த சிரிப்பு.

உன் கருமாதி அன்று அந்த டிரைவர் அண்ணன் வந்திருந்தார். பந்தலுக்கு வெளியே என்னைப் பார்த்ததும் தயங்கித் தயங்கி வந்தார்.

"அன்னைக்கு நீங்க படிச்சீகளே டீச்சர், அது ஜீப்பு கவுந்து இவுக ஆத்தா செத்த எடம். இவுகளும் அந்த வண்டியிலதான் இருந்தாக, ஏழு வயசு. அந்த வளைவு வந்தா மலையில வண்டி ஓட்டுற அம்புட்டுப் பேரும் பாட்ட நிறுத்திப்புடுவோம். கூட வர்றவுகள்ல யாரு வீட்டு ஆளு அங்க போச்சுன்னு நாங்க கேட்டுக்கிட்டா இருக்க முடியும்? அதான், பொதுவா நிறுத்திர்றது. உங்ககிட்ட அவுக சொல்லலையா?"

சொல்லவில்லை. பதினோரு வருஷம் ஒரே மேசையில் சோறு தின்றோம், நீ சொல்லவில்லை. நான் கேட்டிருந்தால்தானே சொல்வாய்! உன்னிடம் வாதாடத்தான் எனக்கு நேரம் இருந்தது. பாவி நான், உன் ஆத்தா விழுந்த இடத்தில் உன்னை உட்காரவைத்து, ஏற்ற இறக்கத்தோடு படித்துக் காட்டினேன்.

கதை அறைய வேண்டும் என்பதை நான் இன்னும் விட்டுவிடவில்லை. நீ இருந்திருந்தால் இப்போதும் சண்டை பிடித்திருப்பேன். ஆனால் இன்று வகுப்பில் உடனே புத்தகத்தைத் திறக்கவில்லை. உன் வார்த்தையை அப்படியே சொன்னேன். "ஏன்னு யாரும் கேக்கமாட்டோம்" என்பதுவரை.

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அறுபது பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். புத்தகத்தைத் திறந்து முதல் வரியில் விரலை வைத்தேன், எடுத்தேன். புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனேன். குழாயடியில் தண்ணீர் குடித்தேன். முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தேன்.

ஏன் என்று யாரும் கேட்கவில்லை.