தணலில் போன காந்தம்

3-8-1959, திண்டிவனம்
வெள்ளிக்கிழமை என் வகுப்பைப் பார்க்க இன்ஸ்பெக்டிரஸ் அம்மா வருகிறார். அவர் மனம் வைத்தால்தான் வேலை நிரந்தரமாகும். பாடம் காந்தம். பள்ளிக்கூடத்துக் காந்தமோ ஒரு குண்டூசியைக்கூடத் தூக்காத சோம்பேறி.

5-8
கல் உடைக்கப் போகும் குப்பம்மாள் ஒரு கறுப்புக் கல்லைத் தந்தாள். "டீச்சரம்மா, ஊக்கு இதுல ஒட்டிக்கினு விட மாட்டேங்குதுங்க." இயற்கைக் காந்தம்! நூலில் கட்டித் தொங்கவிட்டேன். ஆடி ஆடி வடக்கு தெற்காக நின்றது. திருப்பிவிட்டாலும் அதே பிடிவாதம். எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது.

பத்திரமாக இருக்கட்டுமென்று என் வீட்டுக்காரரின் மருந்து அலமாரியில் வைத்தேன். அவர் சித்த வைத்தியர். நான் வெளுத்துப் போகிறேனாம். காந்தக்கல் கிடைத்தால் செந்தூரம் பண்ணித் தருவாராம். சாம்பலெல்லாம் தின்ன முடியாது என்று நானும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

6-8
வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதைதான். மாலை வீட்டுக்கு வந்தால் கொல்லையில், செந்தூரத்துக்குக் கல்லைச் சுத்தி பண்ணும் கொள்ளுக் கஷாய வாடை. கல் தணலில் பழுத்துக் கிடக்கிறது. அவர் முகமெல்லாம் சிரிப்பு. "ஏ வேணி, ஒருவழியா மனசு மாறி நீயே கொண்டாந்து வெச்சிட்டியே!"

ஆறியதும் குண்டூசி டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தேன். ஒன்றுகூட ஒட்டவில்லை. ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா இந்த மனுஷன்? நான்தான் ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?

இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

7-8
இன்ஸ்பெக்டிரஸ் அம்மாவிடம் உள்ளதைச் சொன்னேன்: முந்தாநாள் இழுத்தது, தீயில் பழுத்ததும் சக்தி போய்விட்டது.

"நான் எப்படிம்மா நம்புறது?" என்றார் அந்த அம்மா. "வேற கல்லு கொண்டாந்து எங்கண்ணு முன்னாடி காட்டுங்க. திரும்ப வர்றப்போ பாக்கலாம்."

நிரந்தர உத்தரவு தள்ளிப்போயிற்று. அழுகையாக வந்தது.

9-8
அவர் வைத்தியசாலையைப் பூட்டிவிட்டு, ஊசியும் கையுமாகக் கூட்டேரிப்பட்டுப் பக்கம் கல்லுடைக்கும் இடத்துக்குப் போயிருக்கிறார். பொழுது சாய்ந்து திரும்பினார். பையில் இரண்டு கற்கள். இரண்டும் இழுக்கின்றன. மோர் மட்டும் கொடுத்தேன்.

1-2-1960
வேலை நிரந்தரம்! தீயில் பழுத்த கல்லில் குண்டூசி ஒட்டாததைக் கண்ணால் பார்த்ததும் இன்ஸ்பெக்டிரஸ் அம்மா அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

குண்டூசிகளைக் கொத்தாகத் தூக்கிய அதே கல்லைத்தான் எல்லார் எதிரிலும் தீயில் போட்டோம். பள்ளியில் உலை மூட்ட யாருக்குத் தெரியும்? துருத்தி, குறடோடு அவரே வந்து பள்ளி முற்றத்தில் உட்கார்ந்தார். அத்தனை பெண்களும் சுற்றி நின்றார்கள். கல் சிவந்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"டீச்சர், பழுத்துடுச்சிங்க. எடுக்கட்டுங்களா?"

கல்யாணமாகி எட்டு வருஷம். "ஏ வேணி" தவிர அவர் என்னை வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை.

"எடுங்க" என்றேன்.