கோயில் வாசலில் உங்கள் அப்பாவின் படம்

பாசமுள்ள முத்தையா அண்ணனுக்கு,

எதையும் உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்து பழகியவன் நான். இந்த முறை கேட்க நீங்கள் இல்லை. நானாக ஒன்றைச் செய்தேன். அது சரியாக வரவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

உங்கள் வருஷத் திதி முடிந்ததும் உங்கள் மகள் சாந்தி படப்பெட்டியைத் திறந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு, இது எந்தப் படகுத்துறை, இது யார் வீட்டு ஆள் என்று நாம் வாதாடிய படங்கள். ரங்கூன் தமிழர்களின் பழைய படங்களுக்கென்று முகநூலில் ஒரு குழு இருக்கிறது. அவள் அதில் ஒரு படத்தைப் போட்டாள். நாற்காலியில் மாலையோடு உங்கள் அப்பா. பின்னால் உங்கள் அம்மா. பக்கத்தில், அப்பாவின் முழங்கையைப் பிடித்தபடி சின்னப் பிள்ளையாக நீங்கள். ‘அலோன் துறைமுகத்து மேஸ்திரி, என் தாத்தா’ என்று பர்மிய எழுத்தில் போட்டிருந்தாள்.

மின்சாரம் வந்த பிறகு, விபிஎன்னோடு மல்லுக்கட்டித் திறந்து பார்த்தேன். அதற்குள் ஊரே கூடிவிட்டது. என்ன கம்பீரம் என்றார் ஒருவர். பாராட்டு விழாவில் எடுத்ததாக இருக்கும் என்றார் இன்னொருவர். ரங்கூன் வெயிலில் மப்ளர் கட்டியிருக்கிறாரே, அந்தக் காலத்து நாகரிகம் என்றது ஒரு பெண். உங்கள் அம்மாவின் அவிழ்ந்த கூந்தலைக்கூட யாரோ அழகு என்று எழுதியிருந்தார்கள்.

அண்ணே, அது மப்ளர் இல்லை, இறந்தவர் வாய் திறந்துகொள்ளாமல் கட்டும் நாடிக்கட்டு என்று சொல்ல அங்கே ஒருவர்கூட இல்லை. காய்ச்சலில் போன மகனின் முகத்தைக் கடல்தாண்டி இருக்கும் தாய்க்குக் காட்ட வேண்டும் என்று, அவரைக் குளிப்பாட்டி, கோட்டு மாட்டி, நாற்காலியில் சாய்த்து, ஸ்டூடியோக்காரரை வீட்டுக்கு வரவழைத்து எடுத்த படம் அது. மூடிய கண்ணைப் பெற்றவள் பார்க்கக் கூடாது என்று படத்தின் மேல் திறந்த கண்ணைத் தீட்டிக் கொடுத்தார்கள். அந்த நாளில் பல வீடுகளில் நடந்ததுதான். இன்றைக்கு இருப்பவர்களுக்கு அது எப்படித் தெரியும்?

உங்கள் பெட்டியில் இருந்த எல்லாப் படங்களின் பின்னாலும் பென்சிலால் பெயர் எழுதினேன். இந்தப் படத்தை மட்டும், “இதுல ஒண்ணும் எழுதாத தம்பி” என்று வாங்கிக்கொண்டீர்கள். அதனால் என் வாய்ச்சொல்லைத் தவிர சாட்சி இல்லை. சில நேரம் எனக்கே சந்தேகம் வருகிறது. நீங்கள் சொன்னதை நான் சரியாகத்தான் கேட்டுக்கொண்டேனா?

பேசாமல் இருந்திருப்பேன். ஆனால், என்னை மாமா என்று கூப்பிடாமல் பர்மியர் மாதிரி ஊலே என்றே கூப்பிடும் கோயில் கமிட்டி செல்வம் போன் செய்தான்.

“ஊலே, முத்தையா அண்ணன் அப்பா படம் பாத்தீங்களா? சிங்கம் மாதிரி உக்காந்திருக்காரு! நம்ம முன்னோர்னு கும்பாபிஷேகத்துக்கு வாசல்ல பேனர் வெக்கிறோம். அடிக்கக் குடுத்தாச்சு.”

“செல்வம், அது வந்து… அந்தப் படத்துல அவரு உயிரோட இல்லப்பா.”

“என்னா ஊலே, அந்தக் காலத்துப் படத்துல யாரு இன்னிக்கி உயிரோட இருக்கா? உங்களயும் என்னயும் விட்டா ஆள் ஏது!” என்று சிரித்தான். “சாப்புட்டீங்களா?”

சாப்பிட்டேன் என்றேன். என் லட்சணம் உங்களுக்குத் தெரியாததா?

தீட்டு என்று நான் பயப்படவில்லை. ஆனால் மங்கல நாளில், மேளச் சத்தத்துக்கு நடுவில், யாராவது ஒரு வயதானவர் அந்த நாடிக்கட்டைப் பார்த்து, “அடப்பாவி, இது பொணமாச்சே!” என்று கத்திவிட்டால்? அந்தக் கூட்டத்தில் சாந்தி எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வாள்? முன்கூட்டியே அவள் காதில் போட்டுவிடலாம் என்று, விமான நிலையத்துப் பக்கம் அவள் இருக்கும் மிங்கலாடோனுக்குப் பஸ் ஏறினேன்.

“வாங்க சித்தப்பா” என்று தேநீர் கொடுத்தாள். அவள் போனின் முகப்பிலும் அதே படம். தமிழில் அவளுக்குச் சொல் தட்டும். எனக்கோ எந்த மொழியிலும் தட்டியது. இரண்டையும் கலந்து எப்படியோ சொல்லி முடித்தேன். தலைக்கு மேல் ஒரு விமானம் தாழப் பறந்து போனது. அவள் போனை எடுத்துப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

“அப்ப… அப்பா அவரு கையப் புடிச்சிக்கிட்டு நிக்கிறாரே?”

“சாஞ்சிடாம புடிச்சிக்கடான்னு ஸ்டூடியோக்காரர் சொன்னாராம்மா.”

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. கேட்டால் மறைக்கத் தெரியாமல் போய்விட்டது. அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

“எனக்கு தாத்தா மூஞ்சி இது ஒண்ணுதான் சித்தப்பா. அப்பாவே சொல்லல. நீங்க ஏன் சொன்னீங்க?”

நீங்கள் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

கொஞ்ச நேரம் கழித்து அவளே செல்வத்துக்குப் போன் போட்டு விஷயத்தை உடைத்துச் சொன்னாள். பர்மியப் பெயரில் அவளைக் கூப்பிட்டு அவன் மெதுவாகப் பேசியது எனக்கும் கேட்டது. “மா சந்தா, பேனர் ஏறிடுச்சு. எறக்கினா ஏன் எறக்கினீங்கன்னு ஊரே கேக்கும். அப்புறம்தான் எல்லாருக்கும் தெரியும். இப்ப யாருக்குத் தெரியும், சொல்லு?”

“எனக்குத் தெரியுமே” என்றாள் உங்கள் மகள்.

அவன் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. அவள் சொன்னதிலும் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் நான் ஆறிப்போன தேநீரோடு உட்கார்ந்திருந்தேன். ஊருக்குத் தெரியாமல் காப்பாற்ற முடிந்த ஒன்றை, தெரியவே வேண்டாதவளிடம் சேர்த்துவிட்டு வந்திருக்கிறேன். அவள் போனின் முகப்பில் இப்போது ஏதோ ஒரு பூ இருக்கிறது.

நாளைக் காலை கும்பாபிஷேகம். பேனர் இறங்காது. மேஸ்திரியின் பேத்தி என்று சாந்தியைக் கூப்பிட்டு, அதன் முன்னால் நிறுத்திப் படம் எடுப்பார்கள். சிரி என்பார்கள். வரமாட்டேன் என்று சொல்ல அவளுக்கும் வாய் வரவில்லை. வராதே என்று சொல்ல எனக்கும் துணிவில்லை. “நீங்க கூட இருப்பீங்கள்ல?” என்று மட்டும் கேட்டாள்.

இருப்பேன், அண்ணே. படம் எடுப்பதை நிறுத்த என்னால் ஆகாது. ஆனால் அவளைக் கூப்பிடும்போது, என்னைக் கூப்பிடாவிட்டாலும், நானும் போய் அவள் பக்கத்தில் நிற்பேன். அவள் கால் தளர்ந்தால் முழங்கையைப் பிடித்துக்கொள்வேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உங்கள் கூடப்பிறக்காத தம்பி,
சபாபதி
லத்தா, ரங்கூன்