மங்கல் திரைக்கு மார்ச் 31

ஜனவரி 8, வியாழன்
காலை நாடித் துடிப்பு 53, கையில் கட்டிய கடிகாரத்தில் படித்தது. வெளியே மைனஸ் 21.

வியாழக்கிழமை, கேன்டீனில் பட்டாணி சூப். பாதி குடித்துக்கொண்டிருக்கும்போது மெர்வி வந்து எதிரில் உட்கார்ந்தாள். எங்கள் கடிகாரப் பிரிவுக்குத் தலைவி. பதினான்கு வருடமாக ஒரே மாடியில் வேலை பார்க்கிறோம். ஜப்பானிலிருந்து கடிதமாம். எங்களுக்கு மங்கல் திரை செய்து தருகிறவர்கள் அந்த வேலையையே நிறுத்துகிறார்கள். கடைசி ஆர்டர் மார்ச் 31க்குள் போக வேண்டும்.

"நாலு வருஷத்துக்கு வாங்கி அடுக்கிக்கலாம். இல்ல, ஒண்ணும் வேணாம்னு எல்லா வாட்ச்சையும் ஒளிர் திரைக்கு மாத்திடலாம். எத்தனைன்னு நீ எழுதிக் குடு, நான் கையெழுத்துப் போடறேன்" என்றாள்.

ஒளிர் திரை கைபேசியில் இருப்பது போன்றது, தானே வெளிச்சம் விடும். என் பொறுப்பில் இருக்கும் மங்கல் திரை அப்படியில்லை. மேலே விழுகிற வெளிச்சத்தைக் காகிதம் மாதிரி திருப்பிக் காட்டும், அவ்வளவுதான். ஆனால் அணையவே அணையாது, பேட்டரியையும் தின்னாது. கடைக் கண்ணாடிக்குள் அழுது வடியும், பனியில் பளிச்சென்று தெரியும். அதற்காகப் பன்னிரண்டு வருடம் எல்லோரிடமும் சண்டை போட்டு, அலுவலகத்தில் எனக்கு 'மங்கல் ஹெல்கா' என்றே பெயர்.

சூப் ஆறிப்போயிற்று. அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஜனவரி 9
இன்னும் எண்பத்தொரு நாள். எண்ணாமல் இருக்க முடியவில்லை.

ஜனவரி 15, வியாழன்
துடிப்பு 56. உடம்பாவது பதறாமல் இருக்கிறதே, அந்த மட்டும் நல்லது.

சோதனை முடிவு வந்தது. அலுவலகத்தில் நாற்பது பேர் கையில் மங்கல் திரைக் கடிகாரம் ஒன்று, இன்னும் வெளிவராத ஒளிர் திரைக் கடிகாரம் ஒன்று என இரண்டையும் கட்டி, கூடத்தில் ட்ரெட்மில் மேல் ஓடவிட்டுக் கேட்டிருக்கிறார்கள். முப்பத்தேழு பேருக்கு ஒளிர் திரைதான் பிடித்திருக்கிறதாம்.

"சாயங்காலம் நாலு மணிக்கு, இருட்டுல வச்சுக் கேட்டா விளக்கைத்தான் கேப்பாங்க" என்றேன்.

எல்யாஸ் சிரித்தான். ஒளிர் திரை அவன் பொறுப்பு. முப்பத்தொரு வயது, எதற்கும் அசராத பையன். "ஹெல்கா, நம்ம ஊர்ல பாதி வருஷம் இருட்டுதானே. வேற எந்த ஊர்ல போய்க் கேக்கச் சொல்றீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். அவன் மேஜையில் இன்னொன்றும் வைத்திருக்கிறான். தூசு அளவு விளக்குகள், ஒரு புள்ளிக்கு ஒரு விளக்கு. வெயிலையே தோற்கடிக்கும், பேட்டரியையும் இரண்டு மணி நேரத்தில் தோற்கடித்துவிடும். "பத்து வருஷத்துல உங்களோடது, என்னோடது ரெண்டுமே குப்பை. இதுதான் நிக்கும்" என்கிறான். தன் பிள்ளையையே குப்பை என்று சொல்ல அவனால் முடிகிறது. என்னால் ஏன் முடியவில்லை?

ஜனவரி 27


கடிகாரத்தின் பதிவுகளைக் கணினியில் ஏற்றிப் பார்த்தேன். ஜனவரி 8 காலைத் துடிப்பு 58. இந்த நாட்குறிப்பில் 53. ஜனவரி 15 — அதில் 66, இங்கே 56. பின்னோக்கிப் புரட்டினேன். நவம்பரிலிருந்து பதினோரு நாள் தப்பு. கடிகாரத்தில் கோளாறு என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு படுக்கையறை விளக்கைப் போட்டு, மூக்குக்கு நேரே வைத்து, கையை நீட்டி, மடக்கி...

8 எனக்கு 3ஆகத் தெரியுது. 6 எனக்கு 5.

அடக் கடவுளே. நான் சண்டை போட்டுக் காப்பாத்தின திரையை என்னாலயே படிக்க முடியலையா? எத்தனை நாளா இப்படி? இரண்டு மாதமாக அமைதியாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன், அதுவும் பொய்.

ஜனவரி 28
வெள்ளெழுத்துதான். ஐம்பத்திரண்டு வயதில் வராவிட்டால்தான் அதிசயம். கண்ணாடி வாங்கலாம். ஆனால் பனிச்சறுக்கில் கண்ணாடி போட்டால் மூச்சுப் பட்டு இரண்டே நிமிடத்தில் உறைந்துவிடும், அது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

இன்று என்னையே கவனித்தேன். கூட்டங்களில் ஜன்னல் பக்கத்து நாற்காலியாகப் பார்த்து உட்காருகிறேன். எந்த எண் எந்த மூலையில் வரும் என்று மனப்பாடம். படிப்பதே இல்லை, ஊகிக்கிறேன்.

யாரிடமும் சொல்லவில்லை. ஆர்த்தோவிடம்கூட. கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அவரிடம் மறைத்தது இது இரண்டாவது.

பிப்ரவரி 3
சோதனை அறையில் யாரும் இல்லாத நேரம் எல்யாஸின் கடிகாரத்தைக் கட்டிப் பார்த்தேன். ஒரே பார்வை. 8 எட்டாகவே இருந்தது. கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். எரிச்சலில்தான், வேறெதற்கு.

இப்போது என்ன எழுதிக் கொடுப்பேன்? வாங்குங்கள் என்றால் அது என் வீம்பு. வேண்டாம் என்றால் அது என் கண். இந்த இரண்டும் இல்லாத ஹெல்கா ஒருத்தி இருந்தால் அவளைக் கேட்கலாம்.

பிப்ரவரி 17, செவ்வாய்
ஈஸ்டர் நோன்பு தொடங்குவதற்கு முந்தைய செவ்வாய், அலுவலகம் முழுக்கக் கிரீம் பன். சுவரில் பனிச்சறுக்குக் கிலோமீட்டர் பட்டியல். வருடா வருடம் நடக்கும் போட்டி. எல்யாஸ் 412, நான் 388. "வயசானவங்களுக்குச் சலுகை உண்டு, கேட்டுப் பாருங்க" என்று மீசையெல்லாம் கிரீமோடு சொல்லிவிட்டுப் போகிறான். பட்டியலில் என் எண்ணைப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன், 388தானா என்று.

மெர்வி கேட்டாள், "முடிவு பண்ணிட்டியா?" மார்ச்சில் சொல்கிறேன் என்றேன்.

மார்ச் 4, புதன்
பனிச்சறுக்கு விடுமுறை வாரம். ஆர்த்தோவோடு உறைந்த கடல்மேல் போனேன். மைனஸ் 12, வானத்தில் ஒரு மேகம் இல்லை.

ஒரு திருட்டு வேலை செய்தேன். வெளிவராத கடிகாரத்தை அலுவலகத்துக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. தெரிந்தும், எல்யாஸின் கடிகாரத்தை வலது கையில் சட்டைக்கு அடியில் கட்டிக்கொண்டு போனேன்.

ஐந்தாவது கிலோமீட்டரில் சட்டைக் கையை ஏற்றிவிட்டுக் கவனித்தேன். கையைத் திருப்பி முகத்துக்கு நேரே கொண்டுவந்தால்தான் அந்தத் திரை விழிக்கும், அப்படித்தான் பேட்டரியை மிச்சம் பிடிக்கிறது. ஆனால் இரண்டு கோலையும் சேர்த்து ஊன்றித் தள்ளும்போது ஒவ்வொரு தள்ளலுக்கும் கை அப்படித்தானே மேலே வருகிறது? தள்ளு — விழித்தது. தள்ளு — விழித்தது. நிமிடத்துக்கு ஐம்பது முறை. இருபத்தொன்றாவது கிலோமீட்டரில் செத்தே போயிற்று.

இடது கையில் என்னுடையது ஒன்றும் நடக்காதது மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. அதைவிட, வெயிலில் அதை என்னால் படிக்க முடிந்தது. கண்ணாடி இல்லாமல். 8, எட்டு.

பனியில் நின்று சிரித்தேன். ஆர்த்தோ ஃப்ளாஸ்கைத் திறந்துகொண்டே சொன்னார்: "செத்தது உங்க கம்பெனி வாட்ச். நீ என்னமோ லாட்டரி அடிச்ச மாதிரி நிக்கிறே."

சிரிப்பு நின்றுவிட்டது. அங்கேயே அவரிடம் கண்ணைப் பற்றிச் சொன்னேன். "தெரியும். மூணு மாசமா பால் பாக்கெட்டுல தேதியை என்னைத்தானே படிக்கச் சொல்றே" என்றார்.

மார்ச் 9, திங்கள்
மாடி முழுக்கப் பனிச்சறுக்குப் பைத்தியங்கள். பட்டியலுக்காகத் தினமும் சாயங்காலம் கோலை எடுத்துக்கொண்டு ஓடுகிறோம், ஆளுக்கொரு பழைய கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு. புதியது மட்டும் ரகசியம் என்று பூட்டிய அலமாரியில். அதைக் கட்டிக்கொண்டு ஒரு ஆள்கூடக் கோல் ஊன்றியதில்லை. வேறு எந்த ஊர்க்காரன் செய்தாலும் மன்னிக்கலாம். நாம செஞ்சா எங்க போய் முட்டிக்கிறது?

மெர்வியிடம் போகும் முன் எல்யாஸிடம் சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது. சாயங்காலம் அவனே போய்ப் பார்த்தான். பத்தொன்பதாவது கிலோமீட்டரில் செத்தது.

"இதை அப்படியே கூட்டத்துல போட்டு என்னை நார் நாராக் கிழிச்சிருக்கலாமே. ஏன் முன்னாடியே சொன்னீங்க?" என்று கேட்டான்.

"வெயில் இல்லாத இடத்துல என்னால படிக்க முடியற வாட்ச் இப்ப உன்னோடது ஒண்ணுதான்" என்றேன். அவனுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் கேலி செய்யவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மார்ச் 10
கடிகாரத்தை வெளியே கொண்டுபோனதற்கு மெர்வி திட்டினாள். பிறகு நாற்பது பேரையும் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போக அனுமதி கொடுத்தாள். மறுபடி கேட்போம் — வெயிலில், கோலோடு.

மார்ச் 24
இருபத்தொருவருக்கு மங்கல். பத்தொன்பது பேருக்கு ஒளிர். வாக்கு தீர்மானித்துவிடும் என்று நினைத்தேன், சுற்றிச் சுற்றி என் தலையிலேயே வந்து விழுந்தது.

செத்துப்போன கடிகாரத்துக்கு எப்படிப் பத்தொன்பது? சம்பளப் பிரிவு ஐரியைக் கேட்டேன். ஓய்வு பெற நான்கு வருடம் இருக்கிறது அவளுக்கு. "பாதி வழியில செத்துடுச்சே ஐரி, அப்புறமும் ஏன்?"

"சாகட்டுமே. உசிரோட இருந்த வரைக்கும் என்ன எழுதியிருக்குன்னு தெரிஞ்சுது. உன்னோடது சாகவே இல்ல, நிழல்ல போனா எனக்கு ஒண்ணும் தெரியவும் இல்ல. பத்து வருஷமா சும்மா அழகுக்குத்தான் கட்டியிருக்கேன்."

எங்களிடம் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் ஐம்பதைத் தாண்டியவர்கள். நான் ஒருத்திதான் என்று எதை வைத்து நினைத்தேன்?

மார்ச் 29, ஞாயிறு
துடிப்பு 67. பூதக்கண்ணாடி வைத்துப் படித்தது.

மார்ச் 31, செவ்வாய்
கூட்டத்தில் நடந்தது தலைகீழ். எல்யாஸ் எழுந்து மங்கல் திரையை வாங்கச் சொன்னான். "நாலு வருஷத்துக்கு வாங்குங்க. என்னோடதை நம்பி யாரும் கடல்மேல போகக் கூடாது. நான் சரி பண்ற வரைக்கும் இது வேணும்." காது மடல் சிவந்திருந்தது.

அடுத்து நான். எழுதி வைத்திருந்ததைப் படிக்கப் போனேன், எழுத்து கலங்கியது, மூடி வைத்துவிட்டேன்.

"வெயில்ல தவிர எனக்கு இந்தத் திரை தெரியல. நவம்பர்லேர்ந்து தெரியல. மறைச்சேன். பதினோரு நாள் என் துடிப்பையே தப்பா எழுதியிருக்கேன். பேட்டரியைச் சரி பண்ணலாம், எல்யாஸ் பண்ணுவான். கண்ணை யாரும் சரி பண்ண முடியாது. கையில மங்கல் திரை ஸ்டாக் இருந்தா அவனுக்கு நாம ஆளும் தர மாட்டோம், நேரமும் தர மாட்டோம். நாலு வருஷம் கழிச்சும் இதே இடத்துல நிப்போம்."

மெர்வி கைப்பையைத் திறந்து கண்ணாடியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அவள் கண்ணாடி போட்டு நான் பார்த்ததே இல்லை.

"ரெண்டு வருஷமாச்சு. நீ மங்கலுக்காகச் சண்டை போடும்போதெல்லாம் உனக்குத் தெரியுது, எனக்குத்தான் தெரியலைன்னு நெனச்சு வாயை மூடிட்டு இருந்தேன்" என்றாள்.

படிவத்தில் எண்ணிக்கை என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டேன். அவள் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டுதான் போட்டேன்.

ஏப்ரல் 2
தப்புச் செய்துவிட்டேனோ. பன்னிரண்டு வருடம். எல்யாஸால் முடியாவிட்டால்? அடுத்த குளிர்காலத்தில் யாராவது கடல் நடுவில், வழியும் தெரியாமல், கையில் செத்த கடிகாரத்தோடு — அந்தப் பூஜ்யம் என் கையால் போட்டது.

மே 11
பனி உருகிவிட்டது. கோல் ஊன்றும்போது திரை விழிக்காமல் இருக்க எல்யாஸ் இன்னும் சரியான கணக்கைப் பிடிக்கவில்லை. பதினைந்தாவது முறை. இப்போது அந்தத் தூசு விளக்குகளின் பேச்சே எடுப்பதில்லை.

ஜூன் 20, சனி
நடுக்கோடை விடுமுறை. பனிதான் இல்லையே, கோல் ஊன்ற வேறு வழி? சக்கரப் பலகையைக் காலில் மாட்டிக்கொண்டு எல்யாஸும் நானும் காலையில் கடற்கரைத் தார்ச்சாலையில் கிளம்பினோம். கொசு, வெயில். நாற்பது கிலோமீட்டர் தள்ளினோம். கோல் ஊன்றும்போது அவன் திரை குறைந்த வெளிச்சத்தில் எரிந்தபடியே இருந்தது, ஒருமுறைகூடத் துள்ளி விழிக்கவில்லை. பேட்டரி மீதம் 61 சதவீதம்.

"குளிர்ல பாக்கணும், இது ஒண்ணும் கணக்கில்ல" என்றான். ஆமாம், ஒன்றும் கணக்கில்லைதான். டிசம்பர் வரைக்கும் பயம் போகாது.

பழைய கடிகாரத்தைச் சமையலறை ஜன்னலில் போட்டு வைத்திருக்கிறேன். வெயில் விழும்போது அடுப்படியிலிருந்தே தெரிகிறது. ஒரு மணி நேரம் பின்னால் ஓடுகிறது. மார்ச் கடைசியில் இங்கே எல்லாக் கடிகாரத்தையும் கோடை நேரத்துக்கு ஒரு மணி முன்னால் தள்ளுவார்கள், இதை நான் மாற்றவில்லை. ஆர்த்தோ மாற்றவா என்று கேட்டார், இருக்கட்டும் என்றேன்.

காலைத் துடிப்பு 58. எல்யாஸின் கடிகாரத்தில் படித்தது. இரண்டாம் முறை பார்க்கவில்லை.