மூணாம் பாகத்தின் முடிவு

பிரியா,

திண்டிவனத்து வாசிப்புலகம் இன்று பதினோரு மணிக்கு அஸ்தமிக்கிறது. கேப்பைக்கூழ் குண்டானில் இருக்கு, மூடி வச்சிருக்கேன்.

எங்க மொபைல் கேம் வாட்ஸப் குரூப்பு வெற்றிவேல் வளவனூர்லேர்ந்து வர்றான். நான் சிபாரிசு பண்ண டிராகன் நாவல் மூணு பாகத்தையும் முடிச்சிட்டானாம். முடிவைப் பத்தி என்கிட்ட வாதாடணுமாம். முதல் ரெண்டு பாகம், சாப்பிடும்போது நீ சொன்ன கதை; அதைத்தான் நானே படிச்ச மாதிரி குரூப்பில் அளந்தேன். மூணாவது வர்றதுக்குள்ள பேச்சை நிறுத்திட்டே.

"என் பெண்டாட்டிக்கு புக்குன்னாலே தூக்கம் வரும்"னு குரூப்பில் நான் பீத்திக்கினதை நீ பார்த்துட்டே, தப்புதான்.

நீயே அவன்கிட்ட பேசிடு. படிக்கிறது நீதான்னும் சொல்லிடு. அவனைப் பார்க்க எனக்கு மூஞ்சி இல்ல, விழுப்புரம் பஸ் ஏறிட்டேன்.

ஆண்டோ

அப்புறம், மூணாம் பாகத்தை நானே படிக்கலாம்னு நாலு நாளா உட்கார்ந்தேன். ஆறாம் பக்கத்தில் இருக்கேன்.